செங்காந்தளைப் பிடுங்கி எறிய வேண்டாம்



தமிழ்நாட்டின் மாநில மலர் எது? இந்தக் கேள்வியை எந்த உயர்நிலைப் பள்ளி வகுப்பில் கேட்டாலும் பாதிக் கைகளாவது உயரும். "செங்காந்தள்" என்ற விடை உடனே வரும். அடுத்து இன்னொரு கேள்வி கேட்டுப் பாருங்கள். அந்தக் கொடி எதைப் பிடித்துக்கொண்டு ஏறுகிறது? உயர்ந்த கைகள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கிவிடும். படத்தில் பார்த்திருப்போம். ஒரு மதிப்பெண் விடையாக எழுதியிருப்போம். ஒரு முழு ஆண்டு அதன் அருகில் இருந்து கவனித்தவர்கள் நம்மில் மிகச் சிலரே.

பள்ளித் தோட்டத்தில் செங்காந்தள் வேண்டும் என்று சொல்லவே இக்கட்டுரையை எழுதுகிறேன். அப்படிச் சொன்னவுடன் எழும் எதிர்ப்பையும் நான் அறிவேன். "அது நச்சுக் கொடி ஆயிற்றே! குழந்தைகள் நடமாடும் இடத்தில் நஞ்சை வளர்க்கலாமா?" என்பார்கள். நியாயமான கேள்வி. இதை ஒதுக்கிவிட்டுப் பேசுவது சரியாகாது. ஆகவே முதலில் கொடியைப் பார்ப்போம். பிறகு நஞ்சைப் பார்ப்போம். அதன் பின் முடிவுக்கு வருவோம்.

ஒரு வேலியின் கதை

சில ஆண்டுகளுக்கு முன்பு, மழை தொடங்கிய ஒரு புரட்டாசி மாதத்தில், ஒரு கிராமத்துப் பள்ளிக்குச் சென்றிருந்தேன். பள்ளியின் பின்புறம் கிளுவை வேலி. அதன் மீது ஏழெட்டுச் செங்காந்தள் கொடிகள் படர்ந்திருந்தன. யாரும் நட்டவை அல்ல, தாமாக வந்தவை. மஞ்சளும் சிவப்புமாக வேலி முழுவதும் விளக்கேற்றி வைத்தாற்போல் இருந்தது.

மறு ஆண்டு சென்றபோது வேலி வெறுமையாக இருந்தது. "அது விஷம் என்று தெரிந்தது. ஆள் வைத்துத் தோண்டி எடுத்துவிட்டோம்" என்றார்கள். தோண்டிய கிழங்குகளை என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். வேலிக்கு வெளியே குப்பை மேட்டில் போட்டார்களாம். அந்த மேட்டில் ஆடுகள் மேய்கின்றன. சிறு குழந்தைகள் விளையாடுகிறார்கள்.

சற்று எண்ணிப் பாருங்கள். இக்கொடியில் நஞ்சு மிகுந்த பகுதிகளில் முதன்மையானது கிழங்கு. அது மண்ணுக்குள் யார் கைக்கும் எட்டாமல் இருந்தது. நஞ்சுக்கு அஞ்சியவர்கள், மண்ணுக்குள் இருந்த நஞ்சை வெளியே எடுத்து, பெயர்ப்பலகை இல்லாத இடத்தில் கொட்டிவிட்டார்கள். அவர்களுடைய நோக்கம் நல்லதே. ஆனால் அரைகுறையாக அறிந்ததால், இருந்த ஆபத்தை அவர்களே பெரிதாக்கிவிட்டார்கள். எனக்கு இந்தக் கட்டுரையை எழுதத் தோன்றியது அந்தக் குப்பை மேட்டின் முன் நின்றபோதுதான்.

இலை நுனியே கை

கொடிகள் ஏறும் முறை பலவகை. அவரைக்கொடி தன் தண்டையே சுற்றிக்கொண்டு ஏறும். பாகல், புடல் போன்றவற்றுக்குத் தனியே பற்றுக்கம்பிகள் உண்டு. வெற்றிலைக் கொடி கணுக்களிலிருந்து வேர்விட்டு ஒட்டிக்கொள்ளும். காகிதப்பூச் செடி வளைந்த முட்களை மாட்டிக்கொண்டு மேலே சாயும். செங்காந்தள் செய்வது இவற்றில் எதுவும் இல்லை. அதன் இலையே நுனியில் நீண்டு, மெலிந்து, ஒரு பற்றுக்கம்பியாக மாறிவிடுகிறது. அருகில் ஒரு குச்சியோ புல்லோ பட்டால் அந்த நுனி அதைச் சுற்றி வளைத்துப் பிடித்துக்கொள்ளும்.

இது எப்படி நடக்கிறது? நுனியின் ஒரு பக்கம் குச்சியில் படுகிறது. தொடுகை பட்ட பக்கத்தைவிட எதிர்ப்பக்கம் விரைவாக வளர்கிறது. ஒரு பக்கம் நீண்டு மறுபக்கம் நீளாவிட்டால் என்ன ஆகும்? நுனி வளைந்துதானே தீரும்! வளைந்தால் புதிய இடம் குச்சியில் படும். அங்கும் அதே கதை. இப்படியே ஒரு சுருள் உருவாகிவிடுகிறது. நரம்பு இல்லை, தசை இல்லை. வளர்ச்சி வேகத்தில் ஏற்படும் வேறுபாடு ஒன்றே போதுமாக இருக்கிறது.

சார்லஸ் டார்வின் கொடிகள் ஏறும் விதத்தைப் பற்றி 1865ஆம் ஆண்டு ஒரு நீண்ட ஆய்வை வெளியிட்டார். 1875இல் அது தனி நூலாகவும் வந்தது. இலையால் பற்றி ஏறும் கொடிகளைப் பற்றிய பகுதியில் செங்காந்தள் இனத்தையும் அவர் சேர்த்திருக்கிறார். உலகைச் சுற்றி வந்த அந்த அறிஞர் இந்த ஆய்வுக்குப் பயன்படுத்திய கருவிகள் மிக எளியவை. தொட்டிச் செடிகள், குச்சிகள், கடிகாரம், பொறுமை. இவற்றில் எது உங்கள் பள்ளியில் இல்லை?

இன்னொன்றையும் கவனிக்கலாம். கொடியின் அடிப்பகுதியில் உள்ள இலைகளுக்கு இந்தப் பற்றும் நுனி இருப்பதில்லை. மேலே செல்லச் செல்லத்தான் அது தோன்றுகிறது. தரைக்கு அருகில் தண்டு தானே நிற்கும். உயரம் போனபின்தானே கை தேவைப்படும்!

தலைகீழ் மலர்

மொட்டு கீழ்நோக்கித் தொங்கும். மலரும்போது ஆறு இதழ்களும் பின்புறமாக மடிந்து மேல்நோக்கி எழும். இதழ் விளிம்புகள் அலை அலையாக இருக்கும். எனவே மலர் ஒரு தீச்சுடர் போலத் தோன்றுகிறது. தொடக்கத்தில் பச்சை கலந்த மஞ்சள். பிறகு அடி மஞ்சளாகவும் நுனி சிவப்பாகவும் மாறும். முதிர்ந்தபின் முழுதும் செம்மையாகிவிடும். ஒரே கொடியில் மூன்று நிற மலர்களைக் கண்டு மூன்று வகைச் செடிகள் என்று எண்ணுபவர்கள் உண்டு. அவை மூன்று வயது மலர்கள், அவ்வளவே.

மலரின் நடுவே பாருங்கள். ஆறு மகரந்தத் தாள்கள் சக்கரத்தின் ஆரங்களைப் போல வெளிப்புறமாக நீட்டிக்கொண்டிருக்கும். சூற்பையிலிருந்து புறப்படும் சூல்தண்டோ, ஏறத்தாழச் செங்கோணமாக மடங்கி ஒரு பக்கமாக விலகி நிற்கும். அது முறிந்துவிட்டது என்று சிலர் நினைப்பார்கள். முறியவில்லை. தன் மகரந்தம் தன் சூல்முடியிலேயே விழுவதைக் குறைக்கும் ஏற்பாடு அது. தேன் தேடி வரும் பட்டாம்பூச்சியின் இறகு ஒரு மலரின் மகரந்தத்தை மற்றொரு மலரின் சூல்முடியில் தடவிச் செல்லும்.

திண்டுக்கல், கரூர், திருப்பூர் மாவட்டங்களில் இதை விதைக்காகப் பயிரிடும் உழவர்கள், பட்டாம்பூச்சியை மட்டும் நம்பி இருப்பதில்லை. பூக்கும் பருவத்தில் காலை நேரத்தில் வயலில் இறங்கி ஒவ்வொரு மலராகக் கையாலேயே மகரந்தச் சேர்க்கை செய்கிறார்கள். பாடநூலில் "செயற்கை மகரந்தச் சேர்க்கை" என்று படிக்கிறோமே, அது ஒட்டன்சத்திரம், மூலனூர் பக்கம் அன்றாட வேலை.

பெயர்கள் பல

தாவரவியலில் இதன் பெயர் குளோரியோசா சுபர்பா. 1753இல் லின்னேயஸ் இட்ட பெயர். பழைய பாடநூல்களில் இது லில்லியேசி குடும்பத்தில் இருக்கும். இப்போது கோல்ச்சிகேசி என்னும் தனிக் குடும்பத்தில் வைத்திருக்கிறார்கள்.

நம் மக்கள் வைத்த பெயர்கள் இன்னும் சுவையானவை. கார்த்திகை மாதத்தில் பூப்பதால் கார்த்திகைப்பூ. கிழங்கு கலப்பை வடிவில் வளைந்திருப்பதால் கலப்பைக் கிழங்கு. கண்வலிக் கிழங்கு என்ற பெயரும் பரவலாக உண்டு. சங்கப் புலவர் கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிச் சொல்லும் மலர் வரிசையில் முதலில் நிற்பது காந்தளே. மாநில மலராவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே அது தமிழில் இடம் பிடித்துவிட்டது.

இக்கொடி நமக்கு மட்டும் சொந்தமல்ல. ஆப்பிரிக்காவிலும் தெற்கு, தென்கிழக்கு ஆசியாவிலும் இயல்பாக வளர்கிறது. ஜிம்பாப்வே நாட்டின் தேசிய மலரும் இதுவே. 1947இல், அந்நாடு தெற்கு ரொடீசியா என்று அழைக்கப்பட்ட காலத்தில், அங்குள்ள பள்ளிக் குழந்தைகளிடம் காசு திரட்டி, இம்மலர் வடிவில் வைரப் பதக்கம் ஒன்றைச் செய்து, இளவரசி எலிசபெத்தின் 21ஆம் பிறந்த நாளுக்குப் பரிசளித்தார்கள். அந்த மலர் காட்டில் விலையின்றிப் பூத்துக்கொண்டிருந்தது!

நஞ்சு என்ன செய்கிறது?

இப்போது கடினமான பகுதிக்கு வருவோம். செங்காந்தளின் எல்லாப் பகுதிகளிலும் கோல்ச்சிசின் என்னும் வேதிப்பொருள் இருக்கிறது. கிழங்கிலும் விதையிலும் அது மிகுதி. ஐரோப்பாவில் வளரும் கோல்ச்சிக்கம் என்னும் செடியிலிருந்து 1820இல் பெல்லெத்தியே, கவாந்து என்ற இரண்டு பிரெஞ்சு வேதியியலார் இதைப் பிரித்தெடுத்தனர். மலேரியாவுக்கு மருந்தான குயினைனை அதே ஆண்டு பிரித்தவர்களும் அவர்களே.

ஒரு செல் இரண்டாகப் பிரியும்போது குரோமோசோம்கள் இரு துருவங்களுக்கும் இழுத்துச் செல்லப்படுவதைப் படித்திருப்பீர்கள். இழுப்பவை கதிர்கோல் இழைகள். அந்த இழைகள் டியூபுலின் என்னும் புரத மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோக்கப்படுவதால் உருவாகின்றன. கோல்ச்சிசின் அந்த டியூபுலினோடு போய் ஒட்டிக்கொள்கிறது. இழை கோக்கப்படுவதில்லை. இழை இல்லையென்றால் இழுக்க ஆள் இல்லை. செல் பிரியாமல் பாதியில் நின்றுவிடுகிறது.

இப்போது சொல்லுங்கள், இந்த நஞ்சு உடலுக்குள் போனால் முதலில் பாதிக்கப்படுபவை எவை? இடைவிடாமல் பிரிந்துகொண்டிருக்கும் செல்கள்தாமே! குடலின் உட்சுவர், எலும்பு மஜ்ஜை, மயிர்க்கால்கள். எனவேதான் முதலில் கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வருகின்றன, பிறகு இரத்த அணுக்கள் குறைகின்றன, உறுப்புகள் செயலிழக்கின்றன. உயிர் பிழைத்தவர்களுக்குச் சில நாட்கள் கழித்துத் தலைமுடி கொட்டிவிடுவதும் உண்டு. இலங்கையில் இதனால் முடி முழுவதும் உதிர்ந்த ஒருவரைப் பற்றி 1966இல் மருத்துவ இதழில் குறிப்பு வெளியாயிற்று. அங்கே கிழங்கை வள்ளிக்கிழங்கு என்று தவறாக எண்ணிச் சமைத்து உண்டவர்கள் உண்டு. சமைப்பதால் இந்த நஞ்சு அழிவதில்லை. சாப்பிட்டவுடன் ஒன்றும் தெரியாமல் சில மணி நேரம் கழித்தே அறிகுறிகள் தொடங்கலாம் என்பது இதை இன்னும் கொடியதாக்குகிறது.

அதே கோல்ச்சிசினுக்கு இன்னொரு முகமும் உண்டு. கீல்வாத நோய்களில் ஒன்றான கவுட் என்பதற்கு மருத்துவர்கள் இதை மிக மிகச் சிறு அளவில் தருகிறார்கள். 1937இல் பிளேக்ஸ்லீ, ஏவரி என்ற அமெரிக்க அறிஞர்கள், கோல்ச்சிசினைக் கொண்டு ஊமத்தைச் செடியின் குரோமோசோம் எண்ணிக்கையை இரட்டிப்பாக்கிக் காட்டினார்கள். குரோமோசோம்கள் இரட்டிக்கும், ஆனால் செல் பிரியாது. ஆகவே ஒரே செல்லில் இரண்டு பங்கு தங்கிவிடும். ஜப்பானிய அறிஞர் கிஹாரா விதையில்லாத் தர்ப்பூசணியை உருவாக்கியது இந்த வழியில்தான். ஓசூரிலோ சென்னையிலோ கடைத்தெருவில் விதையில்லாத் தர்ப்பூசணி வாங்கித் தின்னும் ஒருவர், கோல்ச்சிசின் என்ற பெயரைக் கேட்டிருக்கவே மாட்டார்.

நம் உழவர்கள் பயிரிடும் செங்காந்தள் விதை மருந்துத் தொழிலுக்கு ஏற்றுமதியாவதன் காரணம் இப்போது விளங்கும்.

அப்படியானால் வளர்க்கலாமா?

இனி என் கருத்தைச் சொல்கிறேன்.

தொடக்கப் பள்ளியில் வேண்டாம். கையில் கிடைத்ததை வாயில் வைக்கும் குழந்தைகள் உள்ள வீட்டிலும், ஆடு மாடு கட்டும் கொல்லையிலும் வேண்டவே வேண்டாம். இதில் எனக்கு ஐயமே இல்லை. அங்கெல்லாம் சங்குப்பூவையோ முல்லையையோ ஏற்றுங்கள்.

ஆனால் உயர்நிலை, மேல்நிலைப் பள்ளியின் தோட்டத்தில், தனி வேலிக்குள், பெயர்ப்பலகையுடன், ஓர் ஆசிரியரின் பொறுப்பில் செங்காந்தள் இருக்க வேண்டும் என்பேன். என் காரணங்கள் மூன்று.

முதலாவது, நாம் ஏற்கெனவே நச்சுச் செடிகளின் நடுவில்தான் வாழ்கிறோம். அரளியைப் பாருங்கள். அதன் இலையும் விதையும் நஞ்சு. நெடுஞ்சாலை நடுவிலும், பூங்காக்களிலும், பள்ளி வாசல்களிலும் அதை வரிசையாக நட்டிருக்கிறோம். ஆமணக்கு விதை நஞ்சு. ஊமத்தை நஞ்சு. இவற்றையெல்லாம் யாரும் ஒழிக்கவில்லை, ஒழிக்கவும் முடியாது. செங்காந்தளை மட்டும் தோண்டி எறிவதால் எந்தக் குழந்தைக்கும் பாதுகாப்பு கூடிவிடாது.

இரண்டாவது, நச்சுச் செடியிடமிருந்து நம்மைக் காப்பது அதை அடையாளம் காணும் அறிவு. வள்ளிக்கிழங்கு என்று நினைத்துச் சமைத்தவர் நஞ்சை விரும்பி உண்டவரா? இல்லை. கிழங்கை அடையாளம் தெரியாதவர். நம் பாட்டிமார் வேலியோரத்துச் செடி ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி, "இது ஆகும், இது ஆகாது" என்று சொல்லித் தந்தார்கள். அந்தப் பள்ளிக்கூடம் பல வீடுகளில் மூடப்பட்டுவிட்டது. அதை நாம்தான் திறக்க வேண்டும். ஒரு மாணவி தன் பள்ளியில் மூன்று ஆண்டு இக்கொடியைப் பார்த்திருந்தால், தன் வீட்டுக் கொல்லையில் முளைத்த கிழங்கை யாரும் அடுப்பில் ஏற்ற விடமாட்டாள்.

மூன்றாவது, கொடிக்கே நம் உதவி தேவைப்படுகிறது. மருந்துக்காகக் கிழங்கைத் தோண்டுவதாலும், வேலிகளும் புதர்களும் அழிக்கப்படுவதாலும் இயற்கையாக வளரும் செங்காந்தள் பல இடங்களில் அருகிவிட்டது. உயிர்வேலி இருந்த இடத்தில் கம்பி வேலியும் மதிலும் வந்துவிட்டன. படத்தில் மட்டும் இருக்கும் மாநில மலர் நமக்கு எதற்கு?

"ஒரு குழந்தையின் உயிருக்கு முன் ஒரு மலர் பெரிதா?" என்று யாரேனும் கேட்டால், பெரிதல்ல என்றுதான் நானும் சொல்வேன். ஆகவேதான் கீழ்க்கண்ட விதிகளைக் கடைப்பிடிக்க முடியாத பள்ளி இதை வளர்க்கக் கூடாது என்றும் சொல்கிறேன்.

விதிகள்

1. கிழங்கைத் தொடும் வேலை ஆசிரியருடையது. அவரும் கையுறை அணிய வேண்டும். மாணவர்கள் பக்கத்தில் நின்று பார்க்கலாம்.

2. பாத்தி பூட்டக்கூடிய வேலிக்குள் இருக்க வேண்டும். "நச்சுக் கொடி. எப்பகுதியையும் வாயில் வைக்காதீர்" என்று பெரிய எழுத்தில் பலகை வேண்டும்.

3. காய்கறிப் பாத்திக்கும் கிழங்குப் பாத்திக்கும் அருகில் இது வரக்கூடாது. கிழங்கை ஒருபோதும் வீட்டுக்கு எடுத்துச் செல்லக் கூடாது.

4. காய் வெடிக்கும் முன்பே ஆசிரியர் பறித்து, விதைகளை எண்ணிப் பூட்டி வைக்க வேண்டும். செக்கச் சிவந்த சிறு உருண்டை விதைகள் சிறு குழந்தைகளின் கண்ணைக் கவரும்.

5. பாத்தியில் வேலை செய்தபின் சோப்பிட்டுக் கை கழுவ வேண்டும்.

6. யாரேனும் தவறி உண்டுவிட்டால் அறிகுறி வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. வீட்டு வைத்தியமும் கூடாது. உடனே 108 வண்டியை அழைத்து மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். உண்ட செடியின் ஒரு பகுதியையும் பையில் போட்டு எடுத்துச் சென்றால் மருத்துவருக்கு உதவும்.

வளர்க்கும் முறை

கிழங்கைக் காட்டிலிருந்து தோண்டாதீர்கள். காப்புக்காட்டிலிருந்து செடி எடுப்பது சட்டப்படியும் குற்றம். பயிரிடும் உழவரிடமோ தோட்டக்கலை நாற்றுப்பண்ணையிலோ பெறலாம். விதையிலிருந்தும் வளர்க்கலாம், ஆனால் முளைக்கவே பல வாரங்கள் ஆகும், பூக்க மூன்று நான்கு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும்.

கிழங்கு ஆங்கில எழுத்து 'வி' வடிவில் இரண்டு கரங்களாக இருக்கும். ஒவ்வொரு கரத்தின் நுனியிலும் ஒரே ஒரு வளர்மொட்டு உண்டு. அந்த நுனி உடைந்தால் அந்தக் கரம் முளைக்காது. உருளைக்கிழங்கைப் போலத் துண்டு துண்டாக வெட்டி நடலாம் என்று எண்ணி ஏமாந்தவர்கள் பலர். 50 கிராமுக்குக் குறையாத கிழங்காக இருந்தால் முதல் ஆண்டே பூக்க வாய்ப்பு அதிகம்.

ஆடி, ஆவணி மாதங்கள் நடுவதற்கு ஏற்றவை. நீர் தேங்காத செம்மண் சிறந்தது. களிமண்ணாக இருந்தால் மணலும் மக்கிய எருவும் கலந்து மேட்டுப்பாத்தி கட்டுங்கள். கிழங்கைப் படுக்கை வாட்டில், 5 முதல் 8 சென்டிமீட்டர் ஆழத்தில் வைத்து மூடவேண்டும். ஈரம் வேண்டும், சேறு கூடாது. இக்கொடி நீரின்றி வாடிச் சாவதைவிட, நீர் மிகுந்து கிழங்கு அழுகிச் சாவதே அதிகம்.

சில வாரங்களில் முளை வெளிவரும். தண்டு எளிதில் முறியும். ஆகவே முளைக்கும் முன்பே பந்தக்கால் நட்டுவிடுங்கள். தடித்த கம்பத்தை இலை நுனியால் சுற்ற முடியாது. மெல்லிய மூங்கில் குச்சி, கம்பி வலை, உலர்ந்த மிளாறு ஆகியவை ஏற்றவை. ஆள் உயரம் போதும். வேர்ப்பகுதி நிழலிலும் தலைப்பகுதி வெயிலிலும் இருந்தால் கொடி நன்றாக வரும். காட்டில் புதரடியில் முளைத்து வெளிச்சத்தை நோக்கி ஏறும் செடியல்லவா!

இலைகளில் கருப்பு நிறத்தில் வெள்ளை, செம்புள்ளிகளுடன் புழுக்கள் தோன்றினால் வியப்படையாதீர்கள். பாலிடெலா குளோரியோசே என்னும் அந்துப்பூச்சியின் புழுக்கள் அவை. நமக்கு நஞ்சான இலை அவற்றுக்கு விருந்து. அவற்றின் பளிச்சென்ற நிறம் பறவைகளுக்கு விடுக்கும் எச்சரிக்கை எனலாம். மருந்து தெளிக்க ஓடாமல், குச்சியால் எடுத்து அப்புறப்படுத்துங்கள். ஒரு கொடியை மட்டும் அவற்றுக்கே விட்டுவைத்து என்ன நடக்கிறதென்று பாருங்கள்.

தை, மாசியில் கொடி மஞ்சளாகிக் காய்ந்துவிடும். "செத்துவிட்டது" என்று பிடுங்கிவிடாதீர்கள். பழைய கிழங்கு தன் சேமிப்பையெல்லாம் செலவழித்து மறைந்திருக்கும். அதன் இடத்தில் புதிய கிழங்கு உருவாகி மண்ணுக்குள் உறங்கும். காய்ந்த தண்டைத் தானாக விழும்வரை விட்டு, நீர் விடுவதை நிறுத்துங்கள். அடுத்த மழையில் அது எழும்.

மற்றொரு கவனமும் தேவை. வேண்டாத கிழங்கையும் விதையையும் வெளியே கொட்டாதீர்கள். கிழக்கு ஆஸ்திரேலியாவின் கடற்கரை மணல்மேடுகளில் தோட்டங்களிலிருந்து தப்பிய செங்காந்தள் களையாகப் பரவி, அங்கே பெருந்தொல்லையாகிவிட்டது. நம் நாட்டில் அருகிவரும் கொடி வேறு நாட்டில் களை. இடம் மாறினால் ஓர் உயிரின் வேலையும் மாறிவிடுகிறது.

உங்கள் குறிப்பேட்டுக்கு

கொடி வளர்ந்தபின் மூன்று சோதனைகள் செய்து பாருங்கள். கையுறையும் ஆசிரியரும் உடன் இருக்கட்டும்.

ஒன்று: ஓர் இலை நுனியின் பக்கத்தில் மெல்லிய குச்சியையும், மற்றொன்றின் பக்கத்தில் கட்டை விரல் பருமனுள்ள குச்சியையும் நடுங்கள். எது பிடிக்கிறது? எத்தனை மணி நேரத்தில் ஒரு முழுச் சுற்று முடிகிறது?

இரண்டு: ஒரு மொட்டுக்கு அருகில் நூல் கட்டி அடையாளமிட்டு, அது விரிந்த நாள் முதல் வாடும்வரை ஒவ்வொரு நாளும் அதன் நிறத்தையும் சூல்தண்டின் வளைவையும் வரைந்து வையுங்கள்.

மூன்று: ஐந்து மலர்களை மெல்லிய துணிப்பையால் மூடுங்கள். ஐந்தை அப்படியே விடுங்கள். இன்னும் ஐந்துக்கு வேறு கொடியின் மகரந்தத்தைத் தூரிகையால் தடவுங்கள். எந்த ஐந்தில் அதிகக் காய் பிடித்தது? ஒட்டன்சத்திரத்து உழவர் ஏன் காலையில் வயலில் இறங்குகிறார் என்பதற்கு உங்கள் அட்டவணையே விடை சொல்லும்.

நண்பர்களே, அந்தக் கிராமத்துப் பள்ளி வேலி வெறுமையாக இருக்கிறது. கிழங்கைத் தோண்ட ஒரு பகல் போதுமானதாக இருந்தது. திரும்ப வளர்க்க, நல்ல கிழங்கு கிடைத்தால் ஒரு மழைக்காலம். விதையிலிருந்து என்றால் நான்கு ஆண்டுகள். இக்கட்டுரையை உங்கள் அறிவியல் ஆசிரியரிடம் காட்டுங்கள். விதிகளைப் படித்துவிட்டு அவர் வேண்டாம் என்றால் அவர் சொல்வதைக் கேளுங்கள். காரணத்தையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சரி என்றால் வேலியை முதலில் போடுங்கள், பலகையை அடுத்து வையுங்கள், கிழங்கைக் கடைசியாக நடுங்கள். அடுத்த கார்த்திகையில், மாநில மலர் எது என்று கேட்டால், உங்கள் பள்ளி மாணவர்கள் கையை உயர்த்துவதற்குப் பதில் தோட்டத்தின் பக்கம் விரலை நீட்டட்டும்.